அக்கா திட்டாத நாட்கள்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நீ இதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாலும் போடுவாய். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் தொண்டையில் முள் மாட்டிய மாதிரி இருக்கிறது.

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். தீவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. ஒரு பாறை, அதன் மேல் வானிலை நிலையம், நான், ரேடியோக்காரர், மற்றபடி பறவைகள். காலையில் ஒரு பலூனை மேலே விடுகிறேன். போகிற வழியெல்லாம் காற்றையும் குளிரையும் அளந்து சொல்லிக்கொண்டே போய், எங்கேயோ உயரத்தில் அது வெடித்துவிடும். பாதி நாள் மூடுபனி. கையிலிருந்து விட்ட பலூன் இரண்டு ஆள் உயரம் போனதுமே காணாமல் போகும். அப்புறம் அது அனுப்புகிற எண்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு டெலிபோன் உண்டு. அளவுகளைச் சொல்லவும், ஆபத்து சமயத்துக்கும்தான் அது. சொந்தக் கதை பேச முடியாது. புதன்கிழமை படகு வரும், அதில்தான் தபால்.

உன் சமையலறையில் நின்றுகொண்டு நான் சொன்னது தப்பு. "அந்த ஆஸ்பத்திரிக்கு நீ ஒரு சோதனை எலி, அவ்வளவுதான்" என்றேன். நீ அடுப்பை அணைத்துவிட்டு, "வெளியே போடா" என்றாய். போயே விட்டேன், இவ்வளவு தூரம்.

பயத்தில் சொன்னேன் அக்கா. உன் மார்பில் வந்த நோயை இத்தனை வருஷம் அந்த ஹார்மோன் மாத்திரை கட்டிப்போட்டு வைத்திருந்தது. இனி அதற்குக் கட்டுப்படாது, எலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது என்று, கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாய். கூடவே, உன் ரகத்துக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று இன்னும் யாருக்கும் தெரியாத மருந்தைப் போட்டுப் பார்க்கிற ஆய்வில் சேர்ந்துவிட்டேன் என்றாய். எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஒரு வரி போடு. திட்டியாவது எழுது.

தம்பி


பிப்ரவரி 18

டேய் ஊமைக்கோட்டான்,

திட்டச் சொல்லி எனக்கு நீ அனுமதி வேறு தர வேண்டுமா? வாசலைத் தாண்டும்போது "மன்னிச்சிடுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லை. கடலைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு தொண்டையில் முள்ளாம், முள்! என்னை எலி என்றாயே, வளைக்குள் ஓடி ஒளிந்தது யார், நானா நீயா? ரோஷத்துக்கு மட்டும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? நோய் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அழவில்லை. நீ போன பிறகு அழுதேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதியாயிற்று, படி.

இப்போது மருந்துக் கதையைக் கேள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறதாம். ஹார்மோனைக் குடித்து வளர்கிற என் ரகம், அந்தக் காவலின் கண்ணில் படாமல் வீட்டு ஆள் மாதிரியே உட்கார்ந்திருக்குமாம். காவலின் கைக்கட்டை அவிழ்த்துவிடுவதுதான் இந்த மருந்தின் வேலை. வேறு சில புற்றுகளுக்கு நன்றாகவே கேட்கிறது. என் ரகத்துக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை, சிலருக்கு மட்டும் கேட்கிறது. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வே. "கட்டு அவிழ்ந்த காவல் சமயத்துல நம்ம உடம்பையே அடிக்கும். எது புதுசா வந்தாலும் உடனே சொல்லணும்" என்று சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். நடுவில் ஒரு நர்ஸ் போன் பண்ணி விசாரிப்பார். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வார்டு முழுக்க "சிரிக்காத நர்ஸ்" என்றுதான் பெயர். அவருக்கும் அது தெரியும், கவலைப்படுவதில்லை.

கோளரங்கத்தில் வேலை அப்படியே நடக்கிறது. இருட்டில் உட்கார்ந்து மைக்கில் நட்சத்திரம் காட்டுகிறவளின் முகம் எப்படி இருந்தால் யாருக்கென்ன? குரல் நன்றாக இருந்தால் போதும்.

இனி எல்லாவற்றையும் உனக்கு எழுதுகிறேன். ஒரே நிபந்தனை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நீ மூச்சுவிடக் கூடாது. போன தடவை இன்டர்நெட்டில் படித்ததையெல்லாம் டாக்டரிடம் ஒப்பித்து என் மானத்தை வாங்கினாய். அது மறுபடி நடக்கக் கூடாது. சம்மதம் என்றால் எழுது. இல்லையென்றால் உன் பறவைகளோடு பேசிக்கொண்டிரு.

அக்கா


மார்ச் 4

அக்கா,

சம்மதம். உன் மேல் சத்தியம். ஆஸ்பத்திரியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மூடுபனி விலகி, மத்தியானம் முழுக்க கடல் வெள்ளித் தட்டு மாதிரி கிடந்தது. பாறை மேல் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். நன்றாகத்தான் திட்டியிருக்கிறாய். "என்ன தம்பி, லெட்டரைப் படிச்சிட்டு சிரிக்கிறீங்க?" என்று ரேடியோக்காரர் கேட்டார். "எங்க அக்கா என்னை ஊமைக்கோட்டான்ங்கிறா சார்" என்றேன்.

நீ அழுததை எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வெறுமனே வருத்தம் என்று எழுதினால் போதுமா?

தம்பி


மார்ச் 18

டேய்,

போதாது. ஆனால் வேறு என்ன எழுதுவாய், பாவம்.

டிரிப்ஸ் இரண்டு தடவை ஆகிவிட்டது. நாற்காலிகள் ஜன்னலோரம் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், சலூன் மாதிரி. பக்கத்து நாற்காலிக்கு ஒரு டீச்சர் வருவார், பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம். அவருக்கும் என் ரகம்தான். வாய் ஓயாமல் பேசுவார். எனக்குக் கணக்கு வராது என்று சொன்னதற்கு, டிரிப்ஸ் ஏறுகிற நேரத்தில் எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்த மகராசி.

இந்தத் தடவை அவருடைய நாற்காலி காலி. விசாரித்தேன். லேசாக இருமல் என்று போனில் சொன்னாராம். கூப்பிட்டு நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்திவிட்டார்களாம். ஆய்விலிருந்தே வெளியே. இருமல் என்று உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை பார்த்தாயா? அந்த நாற்காலியிலிருந்து என்னை யாரும் எழுப்பிவிட நான் விடமாட்டேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "புதுசா ஏதாவது?" என்று சிரிக்காத நர்ஸ் கேட்டார். கொஞ்சம் தலைவலிதான். ஆனால் என் அரங்கக் குரலை எடுத்து, "ஒண்ணுமே இல்லைங்க, ரொம்ப நல்லாயிருக்கேன்" என்றேன். அந்தக் குரலைக் கேட்டால் சூரியனே நாளைக்குத் திரும்பி வருவோம் என்று நம்பிக்கொண்டு மறையும். நர்ஸ் எம்மாத்திரம்!

உனக்குத்தான் சொல்கிறேன், சத்தியம் ஞாபகம் இருக்கட்டும். உளறினாயோ, தோலை உரித்துவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 8

தம்பி,

இன்று மழை பெய்கிறது. பெய்ததா, பெய்வதாகக் கனவு கண்டேனா தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி நனைந்திருக்கிறது, அதனால் பெய்திருக்க வேண்டும்.

நிறையத் தூங்குகிறேன். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுகிறேன். தூக்கத்தில் ஒரு வீடு வருகிறது. நம் வீடு இல்லை, யாருடையது என்றும் தெரியவில்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு வானிலை. ஒன்றில் இளவெயில். அடுத்ததில் தரையெல்லாம் மேகம், கணுக்கால் வரைக்கும். கடைசி அறையில் நீ சின்னப் பையனாக ஸ்டூலில் ஏறி நின்று கூரையை ஏதோ அளந்துகொண்டிருக்கிறாய். "என்னடா பண்றே?" என்றேன். "எவ்வளவு உயரம்னு பாக்கறேன்கா, நீ மேலே போகணும்ல" என்றாய். எனக்குப் பயமே வரவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சாப்பாடு பிடிப்பதில்லை. உப்புத்தான் பிடிக்கிறது. டப்பாவில் விரலை விட்டு எடுத்து நக்குகிறேன், கன்றுக்குட்டி மாதிரி. எழுந்து நின்றால் அறை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நேராகிறது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

நீ சொன்ன அந்த வார்த்தையை நினைத்துப் பார்த்தேன். எலி. அதில் இப்போது முள்ளே இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் தம்பி. எப்போது என்று தெரியவில்லை, தூக்கத்தில் எங்கேயோ.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு தடவை தீவைச் சுற்றி வந்தேன். சுற்றுவதற்குப் பெரிய தீவு ஒன்றும் இல்லை, ஆனாலும் கால் தரையில் பாவவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சின்ன வயதில் உன் பென்சிலை உடைத்ததற்கே இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. இது எப்படி வந்தது? ஒரு வேளை நோய் மனிதரைப் பக்குவப்படுத்தும் என்கிறார்களே, அதுவா? உன் அறைகளைப் பற்றி எழுதிய பத்தியை ரேடியோக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "உங்க அக்கா ரொம்ப சாந்தமான மனுஷி போல" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாந்தமாவது!

இங்கே வாரம் முழுக்கப் பனிதான். இன்று பலூனை விட்டதும் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன மேக அறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது அக்கா.

நன்றாகத் தூங்கு. உடம்புக்கு ஓய்வு வேண்டும்தானே.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி கண்ணா,

நேற்று அரங்கத்தில் விளக்கை அணைத்து, வானத்தைப் போட்டதும், பேச ஆரம்பித்தேன். நடுவில் எங்கேயோ நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருப்பதும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக எதற்கு அவ்வளவு பேசினேன் என்று தோன்றியது.

காவல்காரர்களைப் பார்த்தேன். டாக்டர் சொன்னாரே, அவர்கள்தான். நீளமான நடை. இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு வரிசையாகத் தூங்குகிறார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் செருப்பு ஜோடியாக ஒழுங்காகக் கழற்றி வைத்திருக்கிறது. என் கையில் மணி. அடிக்க வேண்டும். ஒருவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தூங்கிய அழகைப் பார்த்தேன். பாவம், தூங்கட்டும் என்று மணியைக் கீழே வைத்துவிட்டு நானும் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

தலை வலிக்கிறது, கண்ணுக்குப் பின்னால். குளிக்கப் போனபோது கீழே உட்கார்ந்துவிட்டேன், விழவில்லை, உட்கார்ந்தேன். நர்ஸ் போன் பண்ணினார். நல்லாயிருக்கேன் என்றேன். அந்தக் குரல் தானாக வருகிறது, நான் இல்லாவிட்டாலும் வரும் போலிருக்கிறது.

நாம் அடித்துக்கொண்டோமே, அந்த நீலப் பீரோ. நீயே எடுத்துக்கொள் கண்ணா. எனக்கு எதற்கு. சாவி ஆணியில்

தொங்குகிறது. என்ன எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

சத்தியத்தை மீறிவிட்டேன்.

மத்தியானப் படகில் உன் கடிதம் வந்தது. சந்தோஷமாகத்தான் பிரித்தேன். "நீலப் பீரோவை நீயே எடுத்துக்கொள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தப் பீரோவுக்காக என் கையைக் கடித்தவள் நீ. வக்கீல் வைத்தாலும் தரமாட்டேன் என்றவள்.

உன் கடிதங்களை எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தேன். என் வேலையே அதுதான் அக்கா. ஒரு நாள் காற்றழுத்தம் குறைந்தால் அதைப் பெரிதாக எடுக்கமாட்டோம். ஒவ்வொரு அளவிலும் இறங்கிக்கொண்டே போனால், வெளியே வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படகை நிறுத்தச் சொல்வோம். பிப்ரவரியில் நீ என்னை ஊமைக்கோட்டான் என்றாய். மார்ச்சில் தோலை உரிப்பேன் என்றாய். அப்புறம் தம்பி. அப்புறம் கண்ணா. கண்ணாவா! என்னை நீ எப்போது கண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாய்? நான் மடையன். நீ கீழே போய்க்கொண்டிருந்தாய், நான் மன்னிப்புக் கிடைத்தது என்று தீவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ரேடியோக்காரரிடம் சொன்னேன். "ஆபத்துக்குத்தானே போன் இருக்கு, எடுங்க" என்றார். ஆஸ்பத்திரி நம்பரைப் பிடித்து, "சிரிக்காத நர்ஸ் வேணும்" என்றேன். யாரும் யார் என்று கேட்கவில்லை, நேராகக் கொடுத்துவிட்டார்கள். தூக்கம், உப்பு, தலைவலி, அறை சாய்வது, கீழே உட்கார்ந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நீ பயப்படுவதையும் சொன்னேன். "இப்போ எங்கே இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். "கோளரங்கத்துல, இருட்டுல" என்றேன். போன் வைக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. படகுக்காரர் இந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். இதை நீ படிப்பாயா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். படித்தால் என்னைக் கொன்றுபோடு. படி, அது போதும்.

தம்பி


மே 13

டேய் துரோகி,

கொல்லத்தான் போகிறேன். பேனா பிடிக்கத் தெம்பு வரட்டும் என்று காத்திருந்தேன்.

உனக்கு வெட்கமாக இல்லை? என் மேல் சத்தியம் பண்ணினாயே, அந்தச் சத்தியம் பலித்திருந்தால் நான் போயே சேர்ந்திருக்க வேண்டும்! காட்சி நடுவில், நூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரங்கத்தில் எல்லா விளக்கையும் போட்டார்கள். என் இத்தனை வருஷ வேலையில் காட்சி நடுவில் விளக்கு எரிந்ததே இல்லை. வானமெல்லாம் போய், மேலே வெறும் வெள்ளைத் தகரம். நான் நாற்காலியில் சரிந்து கிடந்தேனாம், மைக்கைப் பிடித்தபடி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு குழந்தை "அந்த ஆன்ட்டிதான் நட்சத்திரமா?" என்று கேட்டது. எனக்கு ஞாபகம் இருப்பது அது மட்டும்தான்.

ரத்த அழுத்தம் பாதாளத்தில். ரத்தத்தில் உப்பே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம், உடம்பு தாக்குப்பிடிக்கத் தேவையான ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது அதுதானாம். அவிழ்த்துவிட்ட காவல் அதைப் போய் அடித்துவிட்டது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தேன், உன் ஞாபகம் வந்தது, உடனே பற்றிக்கொண்டு வந்தது பார் கோபம்! பக்கத்தில் நின்ற டாக்டர், "கோபம் வருதா? நல்லது, வரட்டும்" என்றார்.

சிரிக்காத நர்ஸ் என் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை. "டீச்சர் இருமலைச் சொன்னதாலதான் இன்னிக்கு வீட்ல உக்காந்து பேப்பர் திருத்திட்டு இருக்காங்க. சொல்லலைன்னா நுரையீரல் போயிருக்கும். நீங்க சொல்லியிருந்தா தினம் ரெண்டு மாத்திரையோட முடிஞ்சிருக்கும். எனக்கு உங்க குரல் மேல கோபம். அவ்வளவு நல்லாயிருந்தது, நம்பிட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சருக்குத் தண்டனை என்று உனக்கு எழுதினேனே, எவ்வளவு முட்டாள்தனம்.

மருந்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மறுபடி தருவார்களா என்று தெரியாது. எதற்காக இத்தனையையும் மறைத்தேனோ, அதுவே இப்போது கையில் இல்லை. உன்னால் இல்லை, என்னால்தான். அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தாலும் உன்மேல்தான் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் காட்டுவது?

இன்னொன்று. பீரோ எனக்குத்தான்.

அக்கா


மே 20

அக்கா,

கடிதத்தை எடுத்ததும் உள்ளே படிக்கவில்லை. மேலே "துரோகி" என்று மட்டும் பார்த்தேன். அப்படியே படகுத்துறையில் உட்கார்ந்து அழுதேன். படகுக்காரர் பயந்துபோய், "ஏதும் கெட்ட சேதியா?" என்றார். "இல்லைங்க, எங்க அக்கா திட்டியிருக்கா" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உன் நர்ஸ் ஆபத்து நம்பருக்கே ஒரு நிமிஷம் பேசி, பிழைத்துவிட்டாய் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. உன் கையெழுத்தில் நாலு வசவு வந்தால்தான் நம்புவேன் என்று இருந்தேன்.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சுரப்பி இனி எழுந்திருக்காதாம். ஆயுசுக்கும் மாத்திரை. காய்ச்சலோ வாந்தியோ வந்து மாத்திரை வயிற்றில் தங்காமல் போனால், கூட இருக்கிறவர் உடனே தொடையில் ஒரு ஊசி போட வேண்டுமாம். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு நீ "யாரும் வேண்டாம், நானே போட்டுக்கொள்வேன்" என்றாயாம். மயங்கிக் கிடக்கிறவள் தனக்குத் தானே எப்படி ஊசி போட்டுக்கொள்வாள், சொல்லு?

இந்த வேலை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் வரவில்லை. ஆனால் நீ வா என்று சொல்லாமல் வரமாட்டேன். போன தடவை உன் வீட்டிலிருந்து நீதான் போகச் சொன்னாய்.

எனக்கு இன்னும் பயம்தான். அந்த மருந்தை மறுபடி ஏற்றினாலும் பயம், ஏற்றாவிட்டாலும் பயம். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பயப்படுகிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று நீ சொல்.

தம்பி


ஜூன் 10

டேய்,

ஸ்கேன் வந்தது. கல்லீரலில் இருந்த புள்ளிகள் பாதியாகச் சுருங்கியிருக்கின்றன. எலும்பில் இருந்தது இருந்தபடி, கூடவில்லை. டாக்டர் படத்தை விளக்கில் மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "உங்க ரகத்துல இதை நான் அதிகம் பாத்ததில்லை" என்றார். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன். "தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினா நான் பொய் சொல்றவன்" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது.

மருந்தை மறுபடி தொடங்கலாம் என்கிறார்கள். சுரப்பி போனது போனதுதான், அதற்கு மாத்திரை இருக்கிறது, அதனால் தடையில்லையாம். ஆனால் வேறு எதையாவது காவல் போய் அடிக்கலாம், குடலையோ நுரையீரலையோ. வேண்டுமா வேண்டாமா என்பது என் இஷ்டம். நீ கேட்டாயே என்ன வேண்டும் என்று. எனக்கு வேண்டும். உயிரோடு இருக்க வேண்டும் என்று எனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தபடி, வெட்கமில்லாமல், சத்தமாகச் சொன்னேன். இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் சொல்கிறேன் என்றும் சொன்னேன், என் சாதாரணக் குரலில். அது அவ்வளவு நல்ல குரல் இல்லை.

கனவுகள் நின்றுவிட்டன. மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து படுத்தால் தூக்கம், எழுந்தால் விடியல், நடுவில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கு ஒரு தடவையாவது போகலாம் என்று கண்ணை இறுக்கி மூடிப் பார்க்கிறேன், வழி தெரியவில்லை. சாகிறதுக்கு அவ்வளவு அழகான வழி வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதை நீ மறக்காதே. முதுகு வலிக்கிறது, கரண்ட் பில் கட்ட வேண்டும், மேல்மாடிக்காரர் நாள் முழுக்க நாற்காலியை இழுக்கிறார். இங்கேதான் இருக்கிறேன்.

ஊசிக்கு ஆள் யார் என்று நர்ஸ் மறுபடி கேட்டார். என் தம்பி என்றேன். அவருக்குப் போடத் தெரியுமா என்றார். தெரியாது, கற்றுக்கொள்வான், மெதுவாகப் புரியும், ஆனால் புரிந்துவிட்டால் விடமாட்டான் என்றேன். அந்த அம்மாள் சிரித்தார் தெரியுமா? நிஜமாகச் சிரித்தார். வார்டில் சொன்னால் யாரும் நம்பவில்லை.

கடைசியாக ஒன்று. ஏப்ரலில் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேனே, அது செல்லாது. எழுதும்போது எனக்கு நினைவே சரியாக இல்லை. இப்போது முழுப் புத்தியோடு எழுதுகிறேன். நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. எனக்கு அது ஒரே நாளில் வராது, நீ எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டித் தீர்க்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று டாக்டருக்கே தெரியாது.

அதனால் சீக்கிரம் வா.

அக்கா